கீசர் வால்வு சொட்டினால் அடைக்காதீங்க: பிரஷர் பம்ப் வந்த அபார்ட்மென்ட்டுகள் கவனிக்க வேண்டியது

பாத்ரூம் சுவரில் கீசர். அதன் அடியில், பச்சைத்தண்ணி உள்ளே போகும் இடத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளை வால்வு. அதன் பக்கவாட்டில் சின்னதாக ஒரு வாய். கீசர் ஓடும்போதெல்லாம் அந்த வாயிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுகிறது. வீட்டு ஓனரிடம் சொன்னால், "யாராவது பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டிடுப்பா" என்கிறார். பிளம்பர் வருகிறார், எட்டிப் பார்க்கிறார். "வால்வு போயிடுச்சு சார், ஒரு டம்மி போட்டு அடைச்சிடறேன்." பத்து நிமிட வேலை. சொட்டு நின்றுவிட்டது. எல்லோருக்கும் திருப்தி.

வீட்டுக்குள் நடக்கும் பிளம்பிங் வேலைகளிலேயே ஆபத்தானது இந்தப் பத்து நிமிட வேலைதான் என்பது என் கருத்து. அதிலும் மயிலாப்பூர், மந்தைவெளி, தி.நகர், அடையாறு பக்கம் இருக்கும் முப்பது, நாற்பது வயசு அபார்ட்மென்ட்டுகளில், மொட்டை மாடியில் சமீபத்தில் பிரஷர் பம்ப் வைத்திருந்தால், இரட்டிப்பு ஆபத்து. ஏன் என்று பார்ப்போம்.

சூடான தண்ணீர் எங்கே போகும்?

தண்ணீர் சூடானால் விரியும். பள்ளிக்கூடப் பாடம்தான். எவ்வளவு விரியும் என்பதைத்தான் நாம் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டோம். சென்னையில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 25 லிட்டர் கீசரில் அதை 65 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 400 மில்லி கூடுதலாகிவிடும். இரண்டு, மூன்று டம்ளர் காபி அளவு. கீசர் தொட்டியோ இரும்பு. 400 மில்லிக்கு இடம் வேண்டுமே என்று அது வளர்ந்து கொடுக்காது.

காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் லேசில் சுருங்காது. அதன் அளவை வெறும் 1 சதவீதம் குறைக்கவே 200 பாருக்கு மேல் அழுத்தம் கொடுக்க வேண்டும். (1 பார் என்பது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீர் கீழே கொடுக்கும் அழுத்தம்.) தொட்டியும் பைப்பும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் கடைகளில் விற்கும் பெரும்பாலான ஸ்டோரேஜ் கீசர்கள் தாங்குவதாக எழுதியிருப்பது 8 பார். சிலவற்றில் அதுவும் குறைவு, 6.5 பார். அந்த எல்லையைத் தாண்ட இந்த விரிவில் ஒரு சிறு பங்கே போதும்.

அதனால்தான் அந்தப் பித்தளை வால்வு. கம்பெனிக்காரர்கள் மல்டி ஃபங்ஷன் வால்வு என்பார்கள், பிளம்பர்களுக்கு சேஃப்டி வால்வு. உள்ளே வந்த தண்ணீரைத் திரும்பப் போகவிடாது. உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு அழுத்தத்தைக் குறைக்கும். கீசர் ஓடும்போது மட்டும் சொட்டுகிறது, அணைத்துக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது என்றால், வால்வு தன் வேலையைச் செய்கிறது. அதற்கு டம்மி போடுவது, பிரஷர் குக்கர் ரொம்ப விசில் அடிக்கிறது என்று வெயிட்டைக் கம்பியால் கட்டிவைக்கிற மாதிரி.

கீசர் ஆறிய பிறகும், ராத்திரி பகல் என்று இல்லாமல் ஒழுகிக்கொண்டே இருந்தால் கதை வேறு. வால்வுக்குள் உப்போ மண்ணோ சிக்கியிருக்கலாம், அல்லது கட்டடத்துக்கு வரும் அழுத்தமே அதிகமாக இருக்கலாம். அப்போதும் செய்ய வேண்டியது வால்வை மாற்றுவது, அழுத்தத்தை அளப்பது. அடைப்பது இல்லை.

மொட்டை மாடித் தொட்டி செய்த உபகாரம்

"எங்க வீட்ல இருபது வருஷமா அந்த வால்வே இல்லை, ஒண்ணும் ஆகலையே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் சென்னையின் தண்ணீர் ஏற்பாட்டிலேயே இருக்கிறது.

கீசர் பாதுகாப்பு பற்றி கூகுளில் தேடினால் வரும் பாதி கட்டுரைகள் அமெரிக்காவுக்கு எழுதியவை. அங்கே தெருக் குழாயின் அழுத்தம் நேராக வீட்டுக்குள் வரும். உறைபனியில் பைப் வெடிக்கும். இங்கே இரண்டும் கிடையாது. மெட்ரோ வாட்டர் தெருவில் எந்த வேகத்தில் வந்தாலும் நம் வீட்டு சம்ப்பில் விழுந்து அடங்கிவிடும். அது வராத நாளில் தண்ணி லாரி, இல்லாவிட்டால் போர். எதுவானாலும் சம்ப்பிலிருந்து மோட்டார் போட்டு மொட்டை மாடிக்கு ஏற்றி, அங்கிருந்து தானாக இறங்கிவரும் தண்ணீரில்தான் குளிக்கிறோம். ஆக, பைப்பில் இருக்கும் அழுத்தம் முழுக்க நம் கட்டடத்தின் உயரம்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-இன்படி 18.30 மீட்டர் வரை உயரமுள்ள கட்டடங்கள் அடுக்குமாடி உயர்கட்டடக் கணக்கில் வராது. நம் பகுதிகளில் இருக்கும் மூன்று மாடி, நாலு மாடி பிளாட்டுகள் எல்லாம் இதற்குள் அடங்கும். அப்படிப்பட்ட கட்டடத்தில் தரைத்தளத்துக்கே அதிகபட்சம் 2 பார் வந்தால் பெரிது.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது. வால்வு இல்லாத கீசரில் தண்ணீர் விரிந்தால், அந்தக் கூடுதல் 400 மில்லி வந்த வழியே பைப்பில் பின்னால் ஏறி, மொட்டை மாடித் தொட்டிக்கே போய்விடும். தொட்டி காற்றுக்குத் திறந்திருப்பதால் அழுத்தம் ஏற இடமே இல்லை. உங்கள் கீசரின் சேஃப்டி வால்வு இத்தனை நாளும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க்தான்.

நம் தாத்தா பாட்டி வீட்டு செப்பு பாய்லரும் இதே தத்துவம். நடுவில் கரி போட்டு எரிப்பார்கள். மேலே புனல் வழியாகப் பச்சைத்தண்ணி ஊற்றினால் பக்கத்துக் குழாய் வழியாக வெந்நீர் வரும். ஊற்றினால்தான் வரும். எந்த நேரமும் திறந்தே இருக்கும் பாத்திரம். அதில் கை சுடலாம், புகை கண்ணைக் கரிக்கலாம், வெடிக்க வாய்ப்பில்லை.

பம்ப் வந்ததும் என்ன மாறுகிறது

இப்போது அசோசியேஷன் மீட்டிங்குக்கு வருவோம். மேல் மாடிக்காரர் புதிதாக பாத்ரூம் மாற்றியிருக்கிறார். மழை மாதிரி கொட்டும் என்று கடையில் காட்டிய பெரிய ஷவர் வாங்கி மாட்டியிருக்கிறார். கொட்டவில்லை. எப்படிக் கொட்டும்? டேங்க் அவர் தலைக்கு மேலே இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவருக்குக் கிடைப்பது 0.3 பார். வாட்ஸ்அப் குரூப்பில் நாலு பேர் ஆமாம் போடுகிறார்கள். மொட்டை மாடியில் டேங்க்குக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் பம்ப் வந்துவிடுகிறது. பெட்டியில் 'ஹெட் 30 மீட்டர்' என்று போட்டிருந்தால் சுமார் 3 பார். அதோடு கட்டட உயரத்தைக் கூட்டினால் தரைத்தளத்துக்கு நாலரை பார் வரை போகலாம்.

4.5 என்பது 8-ஐவிடக் குறைவுதானே என்று தோன்றும். பம்ப்பின் அழுத்தம் மட்டுமே என்றால் கீசர் தாங்கும், சந்தேகமில்லை. ஆனால் பம்ப்போடு கூடவே ஒரு என்.ஆர்.வி. வருகிறது. தண்ணீரை ஒரு திசையில் மட்டும் போகவிடும் வால்வு. அது இல்லாவிட்டால் பம்ப் தள்ளும் தண்ணீர் திரும்ப டேங்க்குக்கே போய்விடும், அதனால் தவிர்க்க முடியாது. அது மாட்டிய நிமிடத்தில், விரிந்த தண்ணீர் பின்னால் ஏறிப்போக இருந்த வழி மூடிவிடுகிறது. இருபது வருஷம் ஒன்றும் ஆகாத கீசர் அன்றைக்குத்தான் முதன்முறையாக மூடிய பாத்திரம் ஆகிறது. மேல் மாடிக்காரரின் ஷவருக்காகப் போட்ட பம்ப், தரைத்தளத்தில் வால்வு இல்லாமல் ஓடும் கீசரின் ஒரே பாதுகாப்பை எடுத்துவிட்டது. இது மீட்டிங்கில் யாருக்கும் தெரியாது. தீர்மானத்திலும் இருக்காது.

எப்போதும் ஆபத்து என்று பயமுறுத்த விரும்பவில்லை. காலை ஏழு மணிக்குக் கட்டடத்தில் யாராவது ஒருவர் குழாயைத் திறந்துகொண்டே இருப்பார். அழுத்தம் அதில் கரைந்துவிடும். பெரிய பம்ப்புகளோடு வரும் காற்றுப்பை வைத்த பிரஷர் டேங்க் இருந்தால், அதுவும் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும், காற்று இறங்காமல் இருக்கும் வரை. சிக்கல் ராத்திரி இரண்டு மணிக்கு. எல்லோரும் தூங்குகிறார்கள், ஒரு வீட்டில் கீசரை அணைக்க மறந்துவிட்டார்கள். அதைவிட மோசம், ஊருக்குப் போகிறோம் என்று வீட்டு மெயின் வால்வை மூடிவிட்டு, கீசர் சுவிட்சை மட்டும் மறந்து கிளம்புவது. அப்போது பம்ப்பே தேவையில்லை. மூடிய வால்வுக்கும் மூடிய குழாய்களுக்கும் நடுவில் தண்ணீர் தனியாக மாட்டிக்கொள்கிறது.

பம்ப் இருக்கும் வீட்டில் இன்னொரு அடியும் உண்டு. ஓடுகிற தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அந்த வேகம் முழுக்க அழுத்தமாக மாறிப் பைப்பில் மோதும். 'டங்' என்று சுவருக்குள் கேட்கும் சத்தம் அதுதான். பழைய இரும்பு பைப்பில், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் சடாரென்று நின்றால், ஒரு கணம் 10 பாருக்கு மேல் எகிறும். பிளாஸ்டிக் பைப்பில் இதைவிடக் குறைவு. திருகித் திறக்கும் பழைய குழாயில் இது அவ்வளவாக நடக்காது. லீவர் குழாயிலும், டாய்லெட்டில் இருக்கும் ஹெல்த் ஃபாசெட்டிலும் விரலை எடுத்ததும் நின்றுவிடுகிறதே, அங்கேதான் நடக்கும்.

எது முதலில் உடையும்?

பெரும்பாலும் கீசர் இல்லை. சுவருக்கும் கீசருக்கும் நடுவில் இருக்கும் ஒன்றரை அடி கனெக்ஷன் பைப்தான். வெளியே பளபளப்பாக ஸ்டீல் பின்னல், உள்ளே ரப்பர். சூட்டில் ரப்பர் சில வருஷத்தில் காய்ந்து வெடிக்க ஆரம்பிக்கும். பின்னல் அதை மறைத்துவிடும். பின்னலில் துரு தெரிந்தாலோ ஒரு இழை அறுந்திருந்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இது உடைந்தால் வெடிச் சத்தம் எல்லாம் வராது. நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது மொட்டை மாடி டேங்க் முழுக்க உங்கள் ஹாலில் இறங்கும், அங்கிருந்து கீழ் வீட்டு சீலிங்குக்குப் போகும்.

அடுத்தது சுவருக்குள் இருக்கும் பைப். வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி. பைப்பில் எஸ்.டி.ஆர். 11 என்ற ரகம், 23 டிகிரியில் சுமார் 27 பார் தாங்கும். 60 டிகிரியில் அதில் பாதி. 82 டிகிரியில் கால்வாசி, அதாவது சுமார் 7 பார். கவனியுங்கள், கீசர் வால்வு திறப்பது 8 பாரில். அந்த வால்வு காப்பாற்றுவது தொட்டியைத்தான். கொதிக்கக் கொதிக்க ஓடும் பைப்புக்கு அது பெரிய துணை இல்லை. தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைப்பதால் யாருக்கும் லாபமில்லை என்பதற்கு இது ஒரு காரணம். சென்னை டிசம்பரில் குளிக்க 40 டிகிரி தண்ணீர் போதும்; கீசர் 60-ஐத் தாண்ட வேண்டியதே இல்லை. 60-க்கு மேல் போனால் உப்பும் வேகமாகப் படியும். போர் தண்ணி ஓடும் வீடுகளில் அந்த உப்புதான் சேஃப்டி வால்வின் வாயையும் மெல்ல மெல்ல அடைக்கிறது. யாரும் டம்மி போடாமலே டம்மி.

சில இடங்களில் காசு மிச்சம் பிடிக்க, பச்சைத்தண்ணிக்கான வெள்ளை பி.வி.சி. பைப்பையே கீசர் லைனுக்கும் போட்டிருப்பார்கள். 60 டிகிரியில் அதன் பலம் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. சந்தேகமிருந்தால் கீசருக்குப் பக்கத்தில் வெளியே தெரியும் பைப்பின் மேல் எழுத்தைப் படியுங்கள்.

தொட்டியே வெடிப்பது மிக அரிது. அதற்குப் பல பாதுகாப்புகள் ஒரே நேரத்தில் கைவிட வேண்டும்: தெர்மோஸ்டாட் அணைக்கத் தவற வேண்டும், அதற்குப் பின்னால் இருக்கும் தெர்மல் கட்-அவுட்டும் தவற வேண்டும், வால்வும் அடைபட்டிருக்க வேண்டும். அப்போது தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். தொட்டி கிழிந்த அந்தக் கணத்தில் ஒரே மூச்சில் நீராவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் 1,600 லிட்டருக்கு மேல் ஆவி. 1982 ஜனவரி 19 அன்று அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலம் ஸ்பென்சரில், ஸ்டார் எலிமென்டரி பள்ளியின் வாட்டர் ஹீட்டர் மதிய உணவு நேரத்தில் இப்படித்தான் வெடித்தது. ஆறு குழந்தைகளும் ஒரு ஆசிரியரும் இறந்தார்கள். அது எரிவாயு ஹீட்டர், நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியும் பாதுகாப்பு வால்வும் சேர்ந்து கைவிட்ட விதத்தில் நமக்குப் புரியாதது எதுவும் இல்லை. நம் பிளம்பர் போடும் டம்மி, அந்த வரிசையில் ஒன்றை முன்கூட்டியே கழற்றிவிடுகிறது.

யார் பொறுப்பு?

இங்கேதான் எனக்கு வருத்தம். கீசர் டெனன்ட்டுடையது, பைப் ஓனருடையது, பம்ப் அசோசியேஷனுடையது. மூன்றும் ஒரே தண்ணீரில் இணைந்திருக்கின்றன. மூன்று பேரும் மற்ற இருவரைக் கை காட்டுகிறார்கள்.

பிரஷர் பம்ப் வாங்கும் முடிவை அசோசியேஷன் ஏதோ மொட்டை மாடிச் சமாச்சாரமாக நினைக்கிறது. ஒவ்வொரு வீட்டு பாத்ரூமையும் மாற்றுகிற முடிவு அது. பம்ப் ஆன் செய்வதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், கீசரில் வால்வு இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்ப்பது அசோசியேஷனின் கடமை. இல்லாத வீடுகளுக்குப் புது வால்வு வாங்கும் செலவைப் பம்ப் செலவோடு சேர்க்க வேண்டும். ஒரு வால்வு சில நூறு ரூபாய். பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்தாலும் பம்ப் விலையில் சின்ன பாகம். இன்னும் நல்லது, பம்ப்பை மேல் இரண்டு மாடிக்குப் போகும் லைனில் மட்டும் கொடுப்பது. கீழ் மாடிகளுக்கு உயரமே போதும். அவர்களுடைய வயசான ஜி.ஐ. பைப்புகளில் யாரோ ஒருவரின் ஷவருக்காக அழுத்தம் ஏற்றுவது நியாயமில்லை. தனி லைன் சாத்தியமில்லை என்றால் கீழ் வீடுகளின் லைனில் பிரஷர் ரெடியூசிங் வால்வு போடலாம்.

மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாய் வைத்த சாதாரண சோலார் ஹீட்டர்களின் டேங்க் அழுத்தத்துக்காகச் செய்ததே இல்லை; மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாய் அதற்காகத்தான். அதை பிரஷர் லைனில் இணைத்தால் டேங்க் ஒரு நாள்கூடத் தாங்காமல் போகலாம்.

ஓனர்களுக்கு: கீசர் டெனன்ட்டுடையதாக இருந்தாலும், வால்வு உடைந்து நனையப்போவது உங்கள் சுவர். அந்தச் சில நூறு ரூபாயை வாடகைக்காரர் தலையில் கட்டுவது கஞ்சத்தனம்கூட இல்லை, கணக்குத் தெரியாமை.

வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வீடு மாறும் நாள். பதினொரு மாத அக்ரிமென்ட் முடிந்து, தி.நகரிலிருந்து அடையாறுக்கு மாறும்போது கீசரைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறோம். வால்வு பழைய வீட்டுப் பைப்போடு அங்கேயே தங்கிவிடும், இல்லாவிட்டால் திருகு மறை தேய்ந்து போயிருக்கும். புது வீட்டில் பிளம்பர் ஒரு நிப்பிளைப் போட்டு நேராக இணைத்துவிடுவார். "வால்வு எங்கண்ணே?" என்று அங்கேயே நின்று கேளுங்கள். "அது இருந்தா தண்ணி ஸ்லோவா வரும் தம்பி" என்று பதில் வரலாம். கொஞ்சம் ஸ்லோவாகத்தான் வரும், உண்மைதான். வரட்டும். கீசரின் பெயர்ப்பலகையில் ஐ.எஸ். 2082 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், எத்தனை பார் தாங்கும் என்பதும் இருக்கும். (8 பார் என்பதை 0.8 எம்.பி.ஏ. என்று போட்டிருப்பார்கள்.) வால்வில் எழுதியிருக்கும் அழுத்தம் அதைவிட அதிகமாக இருக்கக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யக்கூடியது

ராத்திரி முழுக்க யாரும் வெந்நீர்க் குழாயைத் தொடாத ஒரு நாள், காலையில் கீசர் ஓடி அணைந்த பிறகு, வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். முதல் நொடி சீறிக்கொண்டு வந்து, உடனே சாதாரண வேகத்துக்கு இறங்கினால், உள்ளே அழுத்தம் அடைபட்டிருந்தது என்று அர்த்தம். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறக்கவும்.

வாஷிங் மெஷின் குழாயில் திருகி மாட்டும் பிரஷர் கேஜ் ஹார்டுவேர் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். ஒரு கட்டடத்துக்கு ஒன்று போதும், வீடு வீடாகச் சுற்றலாம். பகலில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை. 4 பாரைத் தாண்டினால் பம்ப் செட்டிங்கைக் குறைக்கச் சொல்லி அசோசியேஷனுக்கு எழுதுங்கள், கேஜ் போட்டோவோடு.

வால்வில் சின்ன லீவர் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தூக்கிவிட வேண்டும். தண்ணீர் பீய்ச்சி வந்து, விட்டதும் நின்றால் சரி. பல வருஷமாக யாரும் தொடாத வால்வு என்றால் நீங்களாகத் தூக்காதீர்கள். திறந்தது மூடாமல் போகலாம். கீசரை அணைத்து, ஆறவிட்டு, கையில் புது வால்வோடு வந்திருக்கும் பிளம்பர் முன்னால் தூக்குங்கள். சொட்டு தரையில் விழுவதுதான் எரிச்சல் என்றால், அந்த வாயில் ஒரு மெல்லிய டியூபை மாட்டி டிரெயினுக்கு இறக்கிவிடலாம். டியூப் முழுக்கக் கீழ்நோக்கியே போக வேண்டும், முனை திறந்தே இருக்க வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும்போது வரிசை முக்கியம். முதலில் கீசர் சுவிட்ச். பிறகு வெந்நீர்க் குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டு மூடுவது. கடைசியில்தான் மெயின் வால்வு.